டயர் அளவு மாறினால் மீட்டர் காட்டும் எண்ணுக்கு என்ன ஆகிறது?

சென்ற ஆண்டு என் ஸ்விஃப்ட் காருக்கு நான்கு டயரையும் மாற்ற வேண்டி வந்தது. கடையில் 185/65 ஆர்15 இருப்பில் இல்லை. "195 போட்டுக்குங்க சார். இதே ரிம்முல உக்காரும். கிரிப் நல்லா இருக்கும், வண்டியும் எடுப்பா நிக்கும்" என்றார் கடைக்காரர். அவர் சொன்ன எதுவும் பொய்யில்லை. 195/65 அந்த ரிம்மில் சரியாகவே உட்கார்ந்தது. மழையில் பிரேக் பிடிக்கும்போது முன்னைவிட நம்பிக்கையாகவும் இருந்தது. ஆனால் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை: அந்த நான்கு டயரும் ஏறிய நிமிடத்திலிருந்து என் டேஷ்போர்டில் ஓடும் எண்களுக்குப் பொருள் மாறிவிட்டது. முள் 80 காட்டினால் அது பழைய 80 இல்லை.

இதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு விஷயத்தை மனதில் ஏற்ற வேண்டும். ஸ்பீடோமீட்டருக்கு வண்டியின் வேகம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் சக்கரம் எத்தனை தடவை சுற்றியது என்பதுதான். ஒரு சுற்றுக்கு வண்டி எவ்வளவு தூரம் நகரும் என்ற எண்ணை, அந்த மாடலுக்குக் கம்பெனி கொடுக்கும் டயரை வைத்துத் தொழிற்சாலையிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். சுற்றையும் அந்த எண்ணையும் பெருக்கினால் வேகம் வந்துவிடும். நாம் டயரை மாற்றுகிறோம். எண் பழையதாகவே கிடக்கிறது.

பழைய வண்டிகளில் இந்தக் கணக்கை ஒரு காந்தம்தான் செய்தது. ஸ்ட்ராஸ்பர்க்கைச் சேர்ந்த பொறியாளர் ஓட்டோ ஷுல்ட்ஸே 1902இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. சக்கரத்திலிருந்தோ கியர் பாக்ஸிலிருந்தோ வரும் கேபிள், மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஒரு சின்ன அலுமினியக் கிண்ணம் இருக்கும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. ஆனாலும் காந்தம் சுழலச் சுழல அந்தக் கிண்ணத்துக்குள் மின்னோட்டம் பிறந்து, கிண்ணத்தையும் கூடவே இழுக்கும். மயிரிழை போன்ற ஒரு ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்தும். இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். பல்லும் சங்கிலியும் இல்லாமல் வேகத்தை ஒரு முள்ளுக்குக் கொண்டுவந்த அந்த யோசனையை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. பழைய ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு, கேபிளில் கிரீஸ் வற்றினால் முள் நடுங்கி ஆடுவதும், கேபிள் அறுந்தால் பூஜ்யத்தில் படுத்துவிடுவதும் நன்றாக நினைவிருக்கும்.

இன்றைய கார்களில் கேபிள் இல்லை. கியர் பாக்ஸிலோ, ஏபிஎஸ்ஸுக்காக (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு) சக்கரங்களிலோ இருக்கும் சென்சார்கள் சுற்றை எண்ணிக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகின்றன. கருவி மாறினாலும் அடிப்படை அதேதான்.

சரி, ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம்? டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதிலேயே அதற்கு விடை இருக்கிறது. 185/65 ஆர்15 என்றால் டயரின் அகலம் 185 மில்லிமீட்டர். அந்த அகலத்தில் 65 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது சுமார் 120 மி.மீ. ரிம்மின் விட்டம் 15 அங்குலம், 381 மி.மீ. ரிம்முக்கு மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர் என்று கூட்டினால் மொத்த விட்டம் 621.5 மி.மீ. வருகிறது.

பலரும் தடுமாறும் இடம் அந்த நடு எண்தான். 65 என்பது மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் சதவீதம். அதனால் அகலத்தை மட்டும் 185இலிருந்து 195 ஆக்கி 65ஐ அப்படியே விட்டால், டயர் அகலமாவதோடு உயரமும் ஆகிவிடும். 195இல் 65 சதவீதம் 126.75 மி.மீ. மொத்த விட்டம் 634.5 மி.மீ. பழையதைவிட 13 மி.மீ. அதிகம், சதவீதத்தில் 2.1. 'கொஞ்சம் அகலம் கூட' என்று கடையில் சொல்வார்கள். உயரமும் கூடுகிறது என்பது அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

வண்டியின் எடையில் டயர் கொஞ்சம் அமுங்குவதால், உருளும்போது ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் தூரம் காகிதக் கணக்கைவிட ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். அதையும் சேர்த்துப் பார்த்தால் 185/65 ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய 528 சுற்று சுற்றுகிறது. 195/65 ஏறக்குறைய 517. கிலோமீட்டருக்குப் பத்துப் பதினோரு சுற்று குறைகிறது. மீட்டரோ சுற்றைத்தான் எண்ணுகிறது. எனவே வண்டி அதே வேகத்தில் போனாலும் மீட்டர் முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும்.

இதை நேரில் பார்த்துவிட ஆசைப்பட்டேன். கார் வாங்கிய புதிதில், விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டை போகும் வழியில், மைல் கல்லை வைத்து மீட்டரைச் சோதித்துக் குறித்து வைத்திருந்தேன். முள்ளை 80இலேயே நிறுத்திப் பத்துக் கிலோமீட்டர் கல்லைக் கடக்க ஆன நேரம் 7 நிமிடம் 54 நொடி. அதாவது உண்மை வேகம் 76. புது டயர் போட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, சாலை காலியாக இருக்கும் நேரமாகப் பார்த்து, அதே இடத்தில் அதே மாதிரி ஓட்டினேன். அண்ணன் மகன் பக்கத்து சீட்டில் செல்போன் ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்திருந்தான். மஞ்சள் தலை வைத்த கல் கண்ணாடியை ஒட்டி மறையும் நொடியில் அழுத்த வேண்டும் என்று சொல்லியிருந்தேன். பத்தாவது கல் வந்ததும், "சித்தப்பா, ஏழு நிமிஷம் நாப்பத்திநாலு செகண்டு" என்றான். முள் 80இலேயேதான் இருந்தது. பத்து நொடி குறைந்திருந்தது. கணக்குப் போட்டால் 77.6. நாம் காகிதத்தில் பார்த்த அந்த 2.1 சதவீதம், சாலையில் அப்படியே நின்றது.

இங்கே ஒரு கேள்வி எழும். 80 காட்டி 76இல் ஓடிய வண்டி இப்போது 77.6இல் ஓடுகிறதே, மீட்டர் முன்னைவிடச் சரியாகத்தானே ஆகியிருக்கிறது? ஆமாம். எண்ணளவில் உண்மைக்கு நெருங்கித்தான் வந்திருக்கிறது. ஆனால் அந்த நான்கு கிலோமீட்டர் வித்தியாசம் கவனக்குறைவால் வந்த பிழை இல்லை. வேண்டுமென்றே வைத்த இடைவெளி அது.

ஐரோப்பா உட்படப் பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன ஒழுங்குமுறை இதைத் தெளிவாகச் சொல்கிறது. மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது. கூடுதலாகக் காட்டலாம், அதற்கும் எல்லை உண்டு. உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும், அதற்கு மேல் 4 கிலோமீட்டரும். உண்மை வேகம் 80 என்றால் மீட்டர் 80 முதல் 92 வரை எதைக் காட்டினாலும் விதிக்கு உட்பட்டதுதான். 79 காட்டினால் விதி மீறல். இப்படி ஒரு பக்கம் மட்டும் கதவு திறந்திருப்பதால், கம்பெனிகள் முள்ளைச் சில சதவீதம் முன்னே தள்ளியே வைக்கின்றன. டயர் தேயும், காற்று குறையும், ஒரே அளவு எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி விட்டம் சில மில்லிமீட்டர் மாறும். இவை எல்லாவற்றையும் தாண்டியும் மீட்டர் குறைவாகக் காட்டிவிடக் கூடாது என்பதற்கான முன்ஜாக்கிரதை அது.

பெரிய டயர் அந்த முன்ஜாக்கிரதையைத் தின்றுவிடுகிறது. என் காரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தின்றது. அதே ரிம்மில் 205/65 ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். விட்டம் 647.5 மி.மீ., 4.2 சதவீதம் அதிகம். என் காரில் அதைப் போட்டிருந்தால் 80 காட்டும்போது 79க்கு மேல் ஓடியிருப்பேன். இடைவெளி அநேகமாகத் தீர்ந்துவிட்டது.

இன்னும் நல்ல உதாரணம் மாருதி 800. அதன் டயர் 145/70 ஆர்12. வண்டி தாழ்வாக இருக்கிறது, வேகத்தடையில் அடிக்கிறது என்று ஆல்டோவின் 145/80 ஆர்12ஐப் போட்டவர்கள் ஏராளம். அகலம் அதே 145, ரிம்மும் அதே 12. மாறியது அந்த நடு எண் மட்டும்தான். ஆனால் விட்டம் 508 மி.மீ.யிலிருந்து 537 ஆகிறது, 5.7 சதவீதம். மீட்டர் முன்பு ஐந்து சதவீதம் கூட்டிக் காட்டியது என்றே வைத்துக்கொண்டாலும், இப்போது 100 காட்டினால் வண்டி ஓடுவது 100க்கும் சற்று மேலே. பாதுகாப்பான பக்கம் சாய்ந்திருந்த தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது. ஓட்டுபவருக்கு அது தெரிய எந்த வழியும் இல்லை. விளக்கு எரியாது, சத்தம் வராது, முள் எப்போதும் போல ஒழுங்காக ஏறி இறங்கும்.

தேய்மானத்தைக் கவனிக்காமல் விட்டால் இந்தக் கணக்கு முழுமையாகாது. புது டயரில் பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் வரிகளின் ஆழம், ஏறத்தாழ 8 மி.மீ. இருக்கும். 1.6 மி.மீ.க்கு வந்தால் மாற்ற வேண்டும். அதற்குள் விட்டத்தில் 12 மி.மீ.க்கு மேல் போயிருக்கும், என் டயர் அளவில் சுமார் 2 சதவீதம். அதனால் டயர் தேயத் தேய மீட்டர் இன்னும் கொஞ்சம் கூட்டிக் காட்டும். பழைய டயரின் கடைசிக் காலத்தில் என் கார் 80 காட்டி 74.5இல் ஓடிக்கொண்டிருந்திருக்கும். மறுநாள் புது 195 ஏறியதும் அதே 80, 77.6 ஆகிவிட்டது. ஒரே நாளில் 4 சதவீதம். கண்ணும் காலும் மாதக்கணக்கில் பழகிய வேகத்தை ஒரு மத்தியான வேளையில் டயர் கடையில் மாற்றிவிட்டு வந்திருக்கிறேன். புது டயர் போட்ட முதல் வாரம் 'வண்டி நல்லா ஓடுது' என்று தோன்றுமே, அதில் ஒரு பங்கு இதுதான் என்று நினைக்கிறேன்.

காற்று குறைந்தாலும் இதே மாதிரி ஆகுமா என்று கேட்பார்கள். ஆகும், ஆனால் மிகக் கொஞ்சம்தான். ரேடியல் டயரின் பட்டனுக்கு அடியில் இருக்கும் கம்பிப் பட்டையின் நீளம் அவ்வளவு எளிதில் மாறாது. ஆனாலும் காற்று குறைந்த சக்கரம் மற்ற மூன்றைவிடத் துளி வேகமாகச் சுற்றும். சில கார்களில் காற்றை அளக்கும் சென்சார் தனியாக இல்லாமலே 'காற்று குறைவு' என்று எச்சரிக்கை வருகிறதே, அது இந்தத் துளி வித்தியாசத்தை ஏபிஎஸ் சென்சார் கண்டுபிடிப்பதால்தான்.

ரிம் பெரிதானால் டயரும் பெரிதாகிவிடும் என்றும் ஒரு எண்ணம் இருக்கிறது. அவசியமில்லை. 15 அங்குல ரிம்மைக் கழற்றி 16 அங்குல அலாய் ரிம் போட்டு, அதில் 195/55 ஆர்16 ஏற்றினால் விட்டம் 620.9 மி.மீ. பழையதோடு ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. ரிம் ஏறிய அளவுக்குச் சுவர் இறங்கிவிட்டது. கம்பெனிகளும் இதைத்தான் செய்கின்றன. ஸ்விஃப்ட்டின் கீழ்வகையில் வரும் 165/80 ஆர்14க்கும் மேல்வகையின் 185/65 ஆர்15க்கும் விட்டத்தில் 2 மி.மீ. மட்டுமே வித்தியாசம். மஹிந்திராவின் 'தார்' ஜீப்பில் 245/75 ஆர்16, 255/65 ஆர்18 என்று இரண்டு அளவு வருகிறது. எழுத்தில் எவ்வளவு தூரம் தெரிகிறது! விட்டத்தில் 2 சதவீதத்துக்குள்தான். பார்க்க வேண்டியது மொத்த விட்டத்தை. அது பழையதிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று விஷயம் தெரிந்தவர்கள் ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். நல்ல கோடுதான். ஆனால் அந்த 3 மேல்நோக்கி என்றால் நான் 2க்கு முன்பே யோசிப்பேன், கீழ்நோக்கி என்றால் அவ்வளவு பதற மாட்டேன். சின்ன டயர் போட்டால் மீட்டர் கூட்டிக் காட்டும். நாம் நினைப்பதைவிட மெதுவாகப் போவோம். பெரிய டயர் நம்மை அறியாமலே வேகமாக்கும். சதவீதம் ஒன்றாக இருக்கலாம், விளைவு ஒன்றில்லை.

இருசக்கர வண்டிகளில் கதை கொஞ்சம் வேறு. கேபிள் மீட்டர் உள்ள பைக்குகளில் கேபிள் பெரும்பாலும் முன் சக்கரத்தின் அச்சிலிருந்து வரும். பின்னால் எவ்வளவு அகலமான டயர் போட்டாலும் மீட்டருக்குத் தெரியாது. முன் டயரை மாற்றினால் தெரியும். ராயல் என்ஃபீல்டின் பழைய கிளாசிக் 350இன் முன் டயர் 90/90-19. அதில் 100/90-19 போட்டால் விட்டம் 2.8 சதவீதம் ஏறுகிறது. சென்சார் கியர் பாக்ஸில் இருக்கும் பைக்குகளில் டயரைத் தொடாமல் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல் சக்கரம்) மட்டும் மாற்றினாலும் மீட்டர் தப்பாகிவிடும், ஏனென்றால் சுற்றை எண்ணும் இடம் ஸ்ப்ராக்கெட்டுக்கு முன்னால் இருக்கிறது.

இனி, ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. முள்ளுக்கு வைக்கும் கூடுதல் சதவீதத்தைப் பெரும்பாலும் ஓடோமீட்டருக்கு வைப்பதில்லை. அது உண்மைக்கு நெருக்கமாகவே ஓடும். பெரிய டயர் போட்டால் அதுவும் பின்தங்கும். என் காரில் கிலோமீட்டருக்கு 20 மீட்டர். 400 கிலோமீட்டர் காட்டினால் 408 ஓடியிருக்கும். அதற்கு 20 லிட்டர் பெட்ரோல் போனது என்றால், மைலேஜ் 20 என்று எழுதிக்கொள்வோம், உண்மையில் 20.4. 'பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது' என்ற புலம்பலில் ஒரு பகுதி உண்மை. டயர் கனம், உருளும்போது இழுப்பு அதிகம். இன்னொரு பகுதி ஓடோமீட்டர் விழுங்கிய தூரம். ஆயில் மாற்றும் கணக்கு, வாரன்டி கணக்கு எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் போகிறது. அமெரிக்காவில் ஹோண்டா கார்களின் ஓடோமீட்டர் கூடுதலாக ஓடுகிறது என்று வழக்குப் போய், 2002 முதல் 2006 வரையிலான மாடல்களுக்கு வாரன்டி தூரத்தை 5 சதவீதம் நீட்டிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். சில சதவீதம் என்பது அங்கே பணமாக எண்ணப்பட்டது.

எஞ்சினுக்கும் இதில் பங்கு உண்டு. பெரிய சக்கரம் என்றால் எல்லா கியரும் கொஞ்சம் உயர்ந்துவிட்ட மாதிரி. சமதளத்தில் எஞ்சின் நிதானமாக ஓடுவது போலத் தெரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது, முன்பு இரண்டாவதில் போன இடத்தில் முதல் கியரைத் தேட வேண்டிவரும். மாருதி 800இல் பெரிய டயர் போட்டவர்கள் இதை உடனே உணர்ந்திருப்பார்கள்.

உங்கள் வண்டியில் நிலவரம் என்ன என்று பார்ப்பது கடினமில்லை. செல்போனில் ஜிபிஎஸ் வேகத்தைக் காட்டும் ஆப் ஒன்று போதும். நேரான சாலை, திறந்த வானம், ஒரே சீரான வேகம், பார்க்க பக்கத்தில் ஒரு ஆள். ஜிபிஎஸ் ஓரிரு நொடி தாமதமாகவே சொல்லும், அதனால் வேகம் ஏறும்போதோ இறங்கும்போதோ ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது. மைல் கல் முறையில் ஒரு கல்லை மட்டும் நம்பாதீர்கள். சாலையைத் திருப்பி அமைத்த இடங்களில் கல் இடம் மாறியிருக்கும். ஐந்து, பத்து என்று எடுத்தால் பிழை கரைந்துபோகும். 3600ஐ ஒரு கிலோமீட்டருக்கு ஆன நொடியால் வகுத்தால் வேகம். அப்புறம் டயர் கடையில், பழைய டயரைக் கழற்றும் முன்பே இரண்டு அளவின் விட்டத்தையும் செல்போன் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உங்கள் வண்டிக்கு உரிய அளவு இருக்கும். போட்டபிறகு திருத்துவது சுலபமில்லை. சில கார்களில் ஸ்கேனர் வைத்து டயர் அளவை மாற்றி எழுத முடியும், பலவற்றில் முடியாது.

நாலு டயரையும் ஒன்றாக மாற்றாமல் முன்னே ஒரு அளவு, பின்னே ஒரு அளவு என்று போடுவது இதைவிட மோசம். சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதை ஏபிஎஸ் வேறு விதமாகப் புரிந்துகொள்ளும். அளவு குறைந்த ஸ்டெப்னியை மாட்டினால் 80க்கு மேல் போகாதே என்று அதிலேயே எழுதியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் காரைப் பொறுத்தவரை விஷயம் சின்னது. சென்னைக்குள் கார்களுக்கு 60 என்று எல்லை வைத்திருக்கிறார்கள். என் முள் 60 காட்டினால் நான் இன்னும் 58இல்தான் இருக்கிறேன். எனக்குக் கவலை வேறு வண்டிகளைப் பற்றி. சரக்கு வண்டி, பேருந்து போன்றவற்றுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். மத்திய மோட்டார் வாகன விதிப்படி பொதுவாக 80, பள்ளிப் பேருந்துக்கு 60. அந்தக் கருவிக்கும் பெரும்பாலும் சக்கரச் சுற்றுதான் கணக்கு. 7.50-16 டயர் (இங்கே அகலமும் ரிம்மும் அங்குலத்தில்) இருந்த வண்டியில், பாரம் தாங்கும் என்று 8.25-16 ஏற்றினால் விட்டம் 5 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். 60இல் பூட்டியதாக முத்திரை போட்ட கருவி 63ஐயும் தாண்டவிடும். கருவியில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள், முத்திரை அப்படியே இருக்கும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஆண்டும் கோடை விடுமுறையில் பள்ளி வாகனங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி ஆய்வு செய்கிறார்கள். அவசர வழி திறக்கிறதா, தீயணைப்பான் இருக்கிறதா, தரைப் பலகை உறுதியா என்று பார்க்கிறார்கள். டயரில் பட்டன் இருக்கிறதா என்று குனியும்போது, அதன் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் படித்து, அந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்த அளவோடு ஒப்பிட்டுவிட வேண்டும். ஒரு வண்டிக்கு அரை நிமிடம்கூட ஆகாது.